புயலும் மண்கரையும்: வங்கதேசக் கடலோரத்தில் ஊர் எடுக்கும் முடிவு

1970 நவம்பர் 12 இரவு அடித்த புயல் ஓய்ந்த பிறகு, இன்றைய வங்கதேசத்தின் போலா தீவிலும் சுற்றியுள்ள மணல்திட்டுகளிலும் உயிர் தப்பியவர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள் ஒரே மாதிரியான காயத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். கைகளின் உட்புறம், மார்பு, தொடைகளின் உட்புறம் ஆகிய இடங்களில் தோல் வழன்று புண்ணாகியிருந்தது. கடல் ஊருக்குள் ஏறியபோது மரத்தைக் கட்டிப்பிடித்து, தண்ணீர் இழுக்க இழுக்க விடாமல் தொங்கியவர்கள் அவர்கள். ஆல்பிரட் சோமர், வைலி மோஸ்லி என்ற இரு மருத்துவர்கள் 1972-இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில் இந்தக் காயம் பதிவாகியிருக்கிறது. செத்தவர்கள் குறைந்தது 2,24,000 பேர் என்று அவர்கள் கணக்கிட்டார்கள். பிற மதிப்பீடுகள் 3 லட்சம், 5 லட்சம் என்று போகின்றன. தஜுமுத்தீன் வட்டாரத்தில் கிட்டத்தட்டப் பாதி மக்கள் போய்விட்டார்கள். மரத்தை விடாமல் பிடிக்க வலுவில்லாத குழந்தைகளும் முதியவர்களும் பெண்களுமே அதிகம் இறந்தார்கள். நடுவயது ஆண்கள்தான் மிகுதியாகப் பிழைத்தார்கள்.

இந்தச் சாவுகளில் என்னை மிகவும் உறுத்துவது வேறொரு செய்தி. புயல் வருவது மக்களுக்குத் தெரியும். செயற்கைக்கோள் படம் எடுத்திருந்தது, வானொலி சொல்லியிருந்தது. புயலுக்குப் பின் நடந்த ஒரு கணக்கெடுப்பின்படி, பத்தில் ஒன்பது பேர் முன்கூட்டியே கேள்விப்பட்டிருந்தார்கள். உறுதியான கட்டடம் ஒன்றைத் தேடிப் போனவர்கள் நூற்றில் ஒருவர்தான். இவ்வளவு பேருக்குச் செய்தி எட்டியும் யாரும் ஏன் நகரவில்லை என்ற கேள்வியோடுதான் அந்த நாட்டின் கடலோரம் அடுத்த ஐம்பது ஆண்டுகளைக் கழித்தது. அது கண்டுபிடித்த விடையும், அந்த விடையை இன்னொரு துறையில் கைக்கொள்ளாமல் விட்டதும்தான் இக்கட்டுரையின் பொருள்.

மக்களின் அறியாமை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். அன்றைய அதிகாரிகள் அப்படித்தான் சொன்னார்கள். இன்றும் எல்லா நாட்டிலும் சொல்கிறார்கள். போலாவின் குடியானவனிடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். சில வாரங்களுக்கு முன் இன்னொரு புயலுக்கும் இதே போல எச்சரித்திருந்தார்கள். அது சொன்ன அளவுக்குப் பெரிதாக அடிக்கவில்லை. சரி, இந்த முறை கிளம்பலாம் என்றால் போக இடம் எங்கே? சுற்றுவட்டாரத்தில் செங்கல் கட்டடமே அரிது. வீட்டில் ஒரு மாடு நிற்கிறது. பல வீடுகளில் அது சொந்த மாடு கூட இல்லை, வாரத்துக்கு வாங்கி வளர்ப்பது. மாடு போனால் கடன் நிற்கும். ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த புதுமண் திட்டுகளில் நிலமற்ற குடும்பங்கள் குடியேறியிருந்தன. அங்கே பட்டா கிடையாது, இருப்பதே உரிமை. ஒரு ராத்திரி காலி செய்துவிட்டுத் திரும்பினால் வேறொருவன் வேலி போட்டிருப்பான் என்ற பயமும் பொய்யில்லை.

நிலத்தின் அமைப்பும் இரக்கமற்றது. உலகில் உருவாகும் புயல்களில் சிறு பங்குதான் வங்காள விரிகுடாவுக்கு உரியது. புயலால் செத்தவர்களிலோ பெரும்பங்கு இந்தக் கரையைச் சேர்ந்தவர்கள். கடல் வடக்கே போகப் போகப் புனல் மாதிரிக் குறுகுகிறது, ஆழமும் குறைகிறது. காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் பக்கவாட்டில் பரவ வழியில்லாமல் மேலே எழுகிறது. 1970-இல் அது கடல் ஏற்றத்தோடு சேர்ந்துகொண்டது. எதிரே நின்ற நிலமோ கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டரே உயர்ந்தது.

எச்சரிக்கைச் செய்தியின் வடிவத்திலேயே ஒரு கோளாறு இருந்தது. அது தமிழ்நாட்டு வாசகருக்கும் நன்கு பழக்கமான ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் நாகை, கடலூர் துறைமுகங்களில் 3-ஆம் எண் கூண்டு, 7-ஆம் எண் கூண்டு ஏற்றப்பட்டதாக நாளிதழில் படிக்கிறோமே, அதே ஏற்பாடுதான் வங்கதேசத்திலும். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் கப்பல் மாலுமிகளுக்காக உண்டான எண்கள் அவை. 5, 6, 7 மூன்றும் ஒரே அளவு ஆபத்தைத்தான் குறிக்கும். புயல் துறைமுகத்தின் எந்தப் பக்கமாகக் கரை கடக்கும், அல்லது துறைமுகத்தின் மேலேயே கடக்குமா என்பதுதான் வேறுபாடு. 8, 9, 10-உம் அப்படியே, இன்னும் கடுமையான புயலுக்கு. கப்பலை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்கும் மாலுமிக்கு இது தேவையான செய்தி. குடிசையில் இருப்பவருக்கு 5-ஐ விட 7 மோசம், 7 தானே, 10 வரட்டும் பார்க்கலாம் என்றுதான் படும். தண்ணீர் தன் வாசல்வரை வருமா, எத்தனை மணிக்கு, எங்கே போக வேண்டும் என்பதைப் பற்றி அந்த எண் ஒன்றுமே சொல்லாது.

1972-இல், சுதந்திரம் பெற்ற மறு ஆண்டே, செஞ்சிலுவைச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு அங்கே புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1973-இல் வங்கதேச அரசும் பொறுப்பேற்க, அது கூட்டுத் திட்டமாயிற்று. முதலில் சேர்ந்தவர்கள் சுமார் 20,000 தொண்டர்கள். இன்று 76,000-க்கும் மேல், அதில் பாதிப் பேர் பெண்கள். யாருக்கும் சம்பளம் இல்லை. ஒன்றிரண்டு ஊருக்கு ஒரு குழு. எச்சரிக்கை சொல்பவர்கள், காப்பகத்துக்கு அழைத்துப் போகிறவர்கள், மீட்பவர்கள், முதலுதவி செய்பவர்கள், நிவாரணம் கொடுப்பவர்கள் என்று குழுவுக்குள் வேலை பிரித்திருக்கும். டாக்காவில் இருந்து கம்பியில்லாத் தந்தி வழியாகச் செய்தி வட்டாரத்துக்கு வரும். அங்கிருந்து சைக்கிளிலும் நடந்தும் ஊருக்கு. தொண்டரிடம் இருப்பவை ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ, கை ஒலிபெருக்கி, கையால் சுற்றும் சங்கு, டார்ச், மழைக்கோட்டு, பூட்ஸ், சில கொடிகள். எண்களின் குழப்பத்தைக் கொடிகள் தீர்த்தன. ஒரு கொடி ஏறினால் கவனமாக இரு. இரண்டு ஏறினால் ஆபத்து, ஆயத்தமாகு. மூன்றாவது கொடியும் சங்கும் சேர்ந்தால் உடனே கிளம்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது புரியும்.

இதில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. வேலை செய்தது சொல்லுகிற ஆள்தான். தொண்டர் அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் கண் தெரியாத பாட்டி இருக்கிறாள், எந்தப் பெண்ணுக்கு மாதம் நெருங்கியிருக்கிறது, யார் மாட்டை விட்டு வர மாட்டார் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இன்று ஊரைக் கிளப்பிவிட்டுப் புயல் திசைமாறிப் போனால் நாளை டீக்கடையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். டாக்கா வானொலி யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர் சொன்னால்தான் ஜனங்கள் அதை நம்பிப் பொருளைத் துறந்து கிளம்புகிறார்கள் என்று நினைக்கிறேன். புயல் இல்லாத மாதங்களில் இந்தத் தொண்டர்கள் நாடகம் போட்டு, பாட்டுக் கட்டி, ஒத்திகை நடத்திச் சேர்த்துவைக்கும் நம்பிக்கையைத்தான் அந்த ஓர் இரவில் செலவழிக்கிறார்கள்.

நம் கரையிலும் இதற்குச் சான்று உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரியை அடுத்த நல்லவாடு மீனவக் கிராமத்தில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் தெரிவித்த செய்தி, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்திருந்த ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. ஜனங்கள் கரையைவிட்டு ஓடித் தப்பினார்கள். அந்த ஒலிபெருக்கி வழக்கமாகக் கடல் அலை உயரமும் மீன் விலையும் சொல்லி ஊரின் காதுக்குப் பழகியிருந்தது. சொன்னவர் ஊர்ப்பிள்ளை. ஆராய ஒரு நிமிடம் கூட இல்லாத நேரத்தில் இந்த இரண்டும்தான் கை கொடுத்தன.

வங்கதேசத்தின் ஏற்பாடு ஒரே நாளில் முதிர்ந்துவிடவில்லை. 1991 ஏப்ரல் 29 இரவு சிட்டகாங் கரையில், குதுப்தியா, சந்தீப் தீவுகளின் மேல் புயல் ஏறியபோது சுமார் 1,38,000 பேர் மாண்டார்கள். தொண்டர்கள் இருந்தார்கள், கொடி ஏறியது, சங்கும் ஒலித்தது. எச்சரிக்கை சொல்லிக்கொண்டிருந்த தொண்டர்களிலும் சிலர் திரும்பவில்லை. சில வாரங்கள் கழித்து 1,123 பேரைப் பற்றித் தகவல் திரட்டிய ஓர் ஆய்வு சொன்ன கணக்கு மனத்தைப் பிசைகிறது. செங்கல் அல்லது சிமெண்டுக் கட்டடத்தை எட்டியவர்களில் ஒருவர் கூடச் சாகவில்லை. எட்டாதவர்களில் சுமார் 22 விழுக்காட்டினர் செத்தார்கள். அந்த இரவில் வாழ்வும் சாவும் ஒரு கான்கிரீட் மாடிப்படியில் பிரிந்தன. அந்தப் படி அப்போது மொத்தக் கடலோரத்துக்கும் சில நூறு இடங்களில்தான் இருந்தது.

யார் எட்டவில்லை என்பதில் இன்னொரு பாடம் இருந்தது. 20 முதல் 44 வயது வரை உள்ளவர்களில் ஆண்கள் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்தால், பெண்கள் ஆயிரத்துக்கு 71 பேர் என்று பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கணவன் கடலிலோ வெளியூர் வேலையிலோ இருக்க, அவன் சொல்லாமல் வாசற்படி தாண்டத் தயங்கியவர்கள் இருந்தார்கள். அந்நிய ஆண்கள் நிறைந்த கூடத்தில் கழிப்பறை கூட இல்லாமல் ராத்திரி கழிப்பதை நினைத்து நின்றவர்கள் இருந்தார்கள். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று பிள்ளைகளோடு, ஈரப் புடவை காலைச் சுற்ற, ஓட முடியாமல் போனவர்களும் இருந்தார்கள். ஒலிபெருக்கியோடு தெருவில் நின்ற ஆண் தொண்டரின் குரல் முற்றத்து வேலியோடு நின்றுவிட்டது. வேலியைத் தாண்டி அடுப்படி வரை போய், நீ கிளம்பு, உன் வீட்டுக்காரருக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்று சொல்ல ஒரு பெண் வேண்டியிருந்தது. குழுவில் பாதி பெண்களாக இருப்பது இந்தச் சாவுகளில் இருந்து கற்ற பாடம்.

காப்பகங்களும் இதற்கேற்ப மாறின. தனித்து நின்ற வெற்றுக் கட்டடங்களுக்குப் பதில் தூண்கள் மேல் நிற்கும் ஆரம்பப் பள்ளிகள் வந்தன. தன் பிள்ளை தினமும் படிக்கிற இடத்துக்குப் போக யாரும் கூச்சப்படுவதில்லை. பூட்டின் சாவி யாரிடம் என்று அந்த நேரத்தில் தேடவும் வேண்டாம். பெண்களுக்குத் தனி அறை, தனிக் கழிப்பறை கேட்டு வாங்கினார்கள். மாட்டுக்காகச் சரிவுப் பாதை கட்டினார்கள். மாட்டைக் காக்க எழுபதுகளிலேயே மண்ணைக் குவித்துப் பெரிய மேடுகள் போட்டிருந்தார்கள். முஜிப் கில்லா என்பது அவற்றின் பெயர். மாட்டுக்கு இடம் இருந்தால் மனிதர் வருவார் என்பதைப் பொறியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது குடியானவர்கள்தான்.

அரசு வருவதற்கு முன்பே ஊரிடம் ஒரு கைவழக்கம் இருந்ததையும் சொல்ல வேண்டும். வீடு கட்டும் முன் குளம் வெட்டி, அந்த மண்ணை மேடாக்கி, மேட்டின் மேல் வீடு எழுப்புவார்கள். காற்று வரும் பக்கம் தென்னையும் பாக்கும் அடர்த்தியாக வைப்பார்கள். வானம் கறுத்தால் பெண்கள் அவலையும் பொரியையும் பானையில் போட்டு வாய்மூடி மண்ணில் புதைப்பார்கள். விதைநெல்லைப் பரணில் ஏற்றிக் கட்டுவார்கள். தூக்கிப் போகிற மண் அடுப்பு ஒன்றை ஒதுக்கி வைப்பார்கள். வெள்ளம் வடிந்த முதல் மூன்று நாள் எந்த நிவாரண லாரியும் வந்து சேராது. அந்த மூன்று நாளைக் கடத்துவது இந்தப் பானைதான். வடக்கே பரிசால், பிரோஜ்பூர், கோபால்கஞ்ச் பகுதிகளில், மாதக்கணக்கில் தண்ணீர் நிற்கும் நிலத்தில் ஆகாயத்தாமரையை அடுக்கி மிதக்கும் பாத்திகள் அமைத்து, அதன்மேல் நாற்றும் காய்கறியும் வளர்க்கிறார்கள். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2015-இல் இதை உலக வேளாண் மரபுச் செல்வங்களில் ஒன்றாக ஏற்றது.

இதன் பலன் சாவுக் கணக்கில் தெரிகிறது. 2007 நவம்பர் 15 அன்று வந்த சித்ர் புயல் 1991-க்குச் சளைத்ததில்லை. செத்தவர்கள் சுமார் 3,400 பேர். சுமார் 15 லட்சம் பேர் காப்பகங்களில் இருந்தார்கள். சுந்தரவனக் காடும் அடியின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொண்டது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது கொரோனா பரவிக்கொண்டிருந்தது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை முகக்கவசத்தோடு கூடுதல் பள்ளிக்கூடங்களில் பரப்பித் தங்க வைத்தார்கள். வங்கதேசத்தில் இறப்பு சில பத்துகளோடு நின்றது. லட்சங்களில் இருந்து பத்துகளுக்கு, ஐம்பதே ஆண்டில், அன்று உலகின் மிக ஏழ்மையான நாடுகளில் ஒன்றாக இருந்த ஒரு நாடு இதைச் சாதித்திருக்கிறது. இதை அறிந்தபின்னும் செயலிகளையும் கோபுரங்களையும் மட்டுமே பேரிடர் மேலாண்மை என்று பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது.

*

உயிர் பிழைத்தவர் மறுநாள் காலை திரும்பிப் போக நிலம் இருக்க வேண்டும். இங்கேதான் கதை கசக்கிறது.

குல்னா, ஜெஸ்ஸோர், சாத்கிரா மாவட்டங்களின் தெற்கே ஆறும் கடலும் கலக்கும் பகுதியில், நிலத்துக்குள் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓதநீர் வந்து போகும். வரும்போது வண்டல் கொண்டுவரும். கோடையில் உப்பும் கொண்டுவரும். பழைய காலத்துக் குடியானவர்கள் இரண்டையும் பிரித்து எடுத்தார்கள். ஆண்டில் எட்டு மாதம் மட்டும் நிற்கும்படி தாழ்ந்த மண்கரை போட்டு உப்பைத் தடுத்தார்கள். மழைக்காலத்தில் ஆற்று நீர் இனித்ததும் கரையைத் திறந்து வண்டலை வயலில் படிய விட்டார்கள். எட்டு மாதக் கரை என்றே அதற்குப் பெயர். ஆண்டுதோறும் கொஞ்சம் மண் ஏறியதால் நிலம் கடலோடு ஈடுகொடுத்து உயர்ந்தது. இதை இயற்கையோடு இயைந்த பொற்காலம் என்று சொல்லிவிட மாட்டேன். ஜமீன்தார் ஆள்விட்டுக் கூப்பிட்டால் குடியானவன் மண் சுமக்க வேண்டும். நம் குடிமராமத்திலும் அந்தக் கட்டாயத்தின் நிழல் உண்டு. எந்த வாரத்தில் மூடுவது, எந்த வாரத்தில் திறப்பது என்ற முடிவு மட்டும் ஊரில் இருந்தது. 1950-இல் ஜமீன்தாரி ஒழிந்தது. நியாயமான ஒழிப்புதான். கரைகளைப் பார்த்துக்கொள்ள அதற்குப் பதிலாக எவரும் வரவில்லை.

அறுபதுகளில், கிழக்குப் பாகிஸ்தானாக இருந்தபோது, அமெரிக்க உதவியோடு கடலோரக் கரைத் திட்டம் வந்தது. நிலத்தைச் சுற்றி நிரந்தர மண்கரை, உள்ளே மதகு. டச்சுக்காரர்களின் முறையைப் பின்பற்றி இப்படி வளைக்கப்பட்ட நிலத் துண்டுகள், அதாவது வளைவுகள், பிற்பாடு 139 ஆயின. சுமார் 12 லட்சம் ஹெக்டேர். முதல் பத்துப் பதினைந்து ஆண்டு நெல் பெருகியது, குடியானவர்களும் மகிழ்ந்தார்கள். அதன்பின் வண்டல் வேலையைக் காட்டியது. வயலுக்குள் போக வழியில்லாத வண்டல் ஆற்றிலேயே படிந்தது. ஆற்றுப்படுகை வயலைவிட உயர்ந்தது. மதகின் வாய் அடைபட்டது. மழைத்தண்ணீர் வெளியேற வழியின்றி எண்பதுகளில் ஊர்கள் ஆண்டுக்கணக்கில் நீரில் நின்றன. பிணம் புதைக்க மேடு தேட வேண்டிய நிலை வந்தது.

கரையைக் கட்டிய துறை மேலும் மதகுகளும் தூர்வாரலும் முன்மொழிந்தது. மக்கள் கேட்டதோ கரையைத் திற என்பதுதான். ஏற்ற நீர் உள்ளே வந்து வண்டலை வயலில் போட்டுவிட்டு, வற்றத்தில் வேகமாகத் திரும்பும்போது ஆற்றைத் தானே அரித்து ஆழமாக்கும் என்று அவர்கள் வாதிட்டார்கள். பெரியவர்கள் அதைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள். 1990 செப்டம்பரில் பீல் டகாட்டியா என்ற பெரும் தாழ்நிலத்தில் ஜனங்களே கூடிக் கரையை வெட்டினார்கள்; அரசின் சொத்தைச் சேதப்படுத்தியதாக வழக்குப் பாய்ந்தது. 1997 அக்டோபரில், ஆசிய வளர்ச்சி வங்கியின் பணத்தில் வடிகால் திட்டம் நடந்துகொண்டிருந்த அதே வட்டாரத்தில், ஹரி ஆற்றங்கரையில் பீல் பைனாவின் கரையை ஊர் மக்கள் வெட்டித் திறந்தார்கள். நான்கு ஆண்டு ஓதநீர் வந்து போயிற்று. வெட்டிய வாய்க்கு அருகே நிலம் ஒரு மீட்டருக்கும் மேல் உயர்ந்தது. ஆறு அகலமும் ஆழமும் பெற்றது. நின்ற தண்ணீர் வடிந்தது. பின்னர் ஆய்வு நிறுவனங்கள் அளந்து பார்த்து உண்மை என்றன. அரசு அதற்கு ஓதநீர் ஆற்று மேலாண்மை என்று பெயர் சூட்டித் தன் கொள்கையில் சேர்த்துக்கொண்டது.

குடியானவர் கணக்கு சரிதான் என்பதற்கு 2009 மே 25 அன்று வந்த ஐலா புயல் இன்னொரு சாட்சி ஆயிற்று. அந்தப் புயலில் வங்கதேசத்தில் சுமார் 190 பேர்தான் இறந்தார்கள். ஆனால் தாகோப், கொய்ரா பகுதிகளில் கரைகள் உடைந்து, உப்புத்தண்ணீர் கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு நிலத்துக்குள் வந்து போனது. ஜனங்கள் எஞ்சிய கரையின் மேலேயே கூரை போட்டு வாழ்ந்தார்கள்; வாழ முடியாதவர்கள் குல்னாவுக்கும் டாக்காவுக்கும் போனார்கள். தாகோப்பில் உடைந்த 32-ஆம் எண் வளைவை ஆராய்ந்து 2015-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு, கரைக்குள் இருந்த நிலம் பக்கத்துச் சுந்தரவனக் காட்டைவிட 1 முதல் 1.5 மீட்டர் தாழ்ந்து போயிருந்ததாகக் கண்டது. காடு வண்டல் வாங்கி உயர்ந்துகொண்டே இருக்க, காப்பாற்றப்பட்ட வயல் அமிழ்ந்து கிடந்தது. உடைந்த கரை வழியே தண்ணீர் வந்த இரண்டே ஆண்டில் பல பத்து சென்டிமீட்டர் மண் படிந்ததையும் அதே ஆய்வு அளந்தது. பல ஆண்டுப் பாக்கி அது.

அந்தக் கரை ஏன் அவ்வளவு எளிதில் உடைந்தது? ஓதநீரைத் தடுக்க வடிவமைத்த கரை புயல் அலைக்கு ஏற்றதில்லை என்பது ஒரு காரணம். எண்பதுகளில் இருந்து வந்த இறால் பண்ணைகள் இன்னொன்று. உப்புத்தண்ணீரை வேண்டுமென்றே உள்ளே இழுக்கக் கரையைத் துளைத்துக் குழாய் பதித்தார்கள். குழாய் போன இடமெல்லாம் கரை பலவீனப்பட்டது. பண்ணை வைத்தவர் பெரும்பாலும் வெளியூர்ச் செல்வந்தர். கரை உடைந்தால் மூழ்குபவர் உள்ளூர்க் கூலி. பாய்க்காச்சாவில் 22-ஆம் எண் வளைவின் மக்கள் இறாலை உள்ளே விடமாட்டோம் என்று எதிர்த்து நின்றார்கள். 1990 நவம்பர் 7 அன்று ஊர்வலத்தின் முன்னே போன நிலமற்ற பெண் கருணாமயி சர்தார் கொல்லப்பட்டார். ஆண்டுதோறும் அந்த நாளில் ஊர் அவருக்குக் கூடுகிறது. கரையின் மீதான உரிமைக்காக உயிர் கொடுத்தவர் அவர். பேரிடர் மேலாண்மை நூல்களில் அவர் பெயர் இருக்க வேண்டிய இடம் பெரியது என்று நம்புகிறேன்.

ஊர் மக்கள் என்று ஒரே மூச்சில் சொல்லும்போது ஒரு பொய் நுழைந்துவிடுகிறது. கரையைத் திறந்தால் அந்தத் தாழ்நிலத்துக்காரர்கள் மூன்று நான்கு ஆண்டு விளைச்சலை விட வேண்டும். பலன் ஆற்றின் மேலும் கீழும் உள்ள பத்துப் பதினைந்து ஊர்களுக்கு. வண்டலும் சமமாகப் படியாது. வாய்க்கு அருகே மேடாகும், கடைசியில் உள்ள வயலுக்குச் சில அங்குலம்தான். பீல் பைனாவில் நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. பின்னர் அரசு எடுத்து நடத்திய கிழக்கு பீல் குக்ஷியாவில் ஈடு அறிவித்தார்கள்; பத்திரம், வாரிசுச் சான்று, வரி ரசீது என்று கேட்ட காகிதங்களில் சிறு குடியானவர் பலர் தடுமாறினார்கள். 2012-இல் பீல் கபாலியாவில் வேலை தொடங்கப் போன அதிகாரிகளை ஊர் எதிர்த்தது, கைகலப்பாயிற்று, வேலை நின்றது. ஊர் கண்டுபிடித்த முறையையே ஊர் எதிர்க்கும் நிலை வந்தது எப்படி? திறக்கும் முடிவு டாக்காவுக்குப் போய்விட்டது. நஷ்டம் மட்டும் வயலில் நின்றது.

புயல் எச்சரிக்கையில் அரசு செய்த நல்ல காரியம் இங்கே நடக்கவில்லை. அங்கே வானிலைக் கணிப்பும் கம்பியில்லாத் தந்தியும் காப்பகச் செலவும் அரசினுடையவை. யாரை எப்படி, எந்த வார்த்தையில் கிளப்புவது என்பது ஊரினுடையது. வேலைப் பிரிப்பு தெளிவாக இருந்தது. கரை விஷயத்தில் ஊரிடம் கேட்பது ஒரு கூட்டம் நடத்திக் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. 2024 மே இறுதியில் ரெமால் புயல் வந்தபோது இந்த வேறுபாடு மறுபடியும் தெரிந்தது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்கூட்டியே வெளியேறினார்கள், இறப்பு மிகக் குறைவு. கரைகளோ பல இடங்களில் உடைந்து, குளத்திலும் வயலிலும் உப்பு ஏறியது. சில ஊர்களில் அரசு இயந்திரம் வரும்வரை காத்திராமல் ஆணும் பெண்ணும் முழங்கால் சேற்றில் வரிசை நின்று, கைமாற்றிக் கைமாற்றி மண் போட்டு உடைப்பை அடைத்தார்கள். சாத்கிரா, கொய்ரா மக்கள் ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் நிவாரணம் வேண்டாம், நிலைக்கும் கரை வேண்டும் என்று தட்டி பிடிக்கிறார்கள்.

அவர்கள் கேட்கும் கரையை உலக வங்கிக் கடனில் உயர்த்தும் வேலை நடந்திருக்கிறது. உயரம் தேவைதான்; கடல் மட்டமும் ஏறுகிறது. கரை எத்தனை மீட்டர் உயர்ந்தாலும் உள்ளே நிலம் தாழ்ந்துகொண்டே போனால் அடுத்த உடைப்பில் நீர் இன்னும் ஆழமாக நிற்கும். அதனால் ஒவ்வொரு தாழ்நிலமாக முறைவைத்துத் திறந்து மூட வேண்டியிருக்கும் என்பதில் ஆய்வாளர்களுக்கும் குடியானவர்களுக்கும் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எஞ்சியிருக்கும் தகராறு நஷ்டஈட்டைப் பற்றியது. இப்போதைய விதிப்படி பணம் பத்திரம் வைத்திருப்பவருக்கே போகிறது. வாரத்துக்கு உழுபவரும் நாற்று நடும் கூலிப் பெண்ணும் அந்த நான்கு ஆண்டு என்ன சாப்பிடுவார்கள் என்று எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. அந்தக் கட்டம் வந்து, பணம் பயிர் போன முதல் பருவத்துக்குள் கையில் சேரும்வரை, அடுத்த தாழ்நிலத்தில் மண்வெட்டியோடு கரைமேல் ஏற எந்த ஊரும் சம்மதிக்காது. சம்மதிக்க வேண்டும் என்று அவர்களிடம் கேட்கவும் நமக்கு உரிமை இல்லை.